சிவப்பு விளிம்பில் பச்சைப் புள்ளி

"நத்தைதானே?" என்றார் டாக்சிக்காரர். "நத்தைதானே?" என்றார் வாசல் காவலாளி. வரவேற்பு மேஜையில் இருந்த பெண் வாயால் சொல்லவில்லை, சிரிப்பால் சொன்னாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் குடியிருக்கிறது என்று அம்மா சொல்வாள். அன்று காலையிலேயே அது மூக்கைக் காலி செய்துவிட்டுக் கைக்கு இறங்கி வந்திருந்தது.

"கையைப் பாக்கெட்டுக்குள்ள வை" என்றாள் சித்தி.

சித்தி என் அம்மாவின் தங்கை. ரயில் நிலையத்தில் தொலைந்த சாமான்கள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, ஓய்வு பெற்ற பிறகு டயர் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். ஒரு குடையைக் கையில் கொடுத்தால் அதைத் தொலைத்தவரின் சுபாவத்தைச் சொல்லிவிடுவாள். நான் அவளுக்கு உதவியாளன். கணினி பார்ப்பது, ஆள்களை முறைப்பது, பலகை மாட்டுவது என் இலாகா. பலகை மாட்டிய அன்று சுத்தியல் ஆணியை விட்டுவிட்டு என் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. நகத்துக்குள் உறைந்த கறுப்பு இன்னும் போகவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் துக்கம் விசாரிக்கிறார்கள்.

எங்களைக் கூப்பிட்டவர் அந்த ஆராய்ச்சி மையத்தில் நத்தை வளர்ப்பவர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா தெரியவில்லை, எல்லோருக்கும் அவர் நத்தைக்காரர்தான். அவர் போனில் சொன்னது இவ்வளவு. ஊருக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக்கல் மலை. அந்த மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு நத்தை. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், ஓடு வெளிர் பழுப்பு, வாய் விளிம்பு மட்டும் செக்கச்செவேல். சிவப்புவாயன் என்பார்கள். குவாரிக் கம்பெனி மலையில் பாதியைத் தின்று தீர்த்தபோது நத்தைகளும் தீர்ந்துபோயின. கடைசியாகக் கிடைத்த சிலவற்றை நத்தைக்காரர் கொண்டுவந்து, குளிர்ச்சியும் ஈரமும் குறையாத ஓர் அறையில் வைத்து, முட்டையிடவைத்துப் பெருக்கினார். மிச்சம் இருக்கும் பாதி மலையில் வேலி கட்டி இந்த மழைக்கு அவற்றைத் திரும்ப விடுவதாக ஏற்பாடு. சிவப்புவாயன் உயிரோடு இருக்கும் வரை அந்தப் பாதியில் கம்பெனி கை வைக்கக் கூடாது என்று அரசு உத்தரவு.

போன வாரம் அவர் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு மையத்துக்குத் திரும்பினார். அறைக்கு ஈரம் கொடுக்கும் மெஷின் நின்றுவிட்டது, எல்லா நத்தையும் செத்துவிட்டது, நிறுத்திவிட்டுப் போனது நீதான் என்று வாசலிலேயே சொன்னார்கள். வேலையிலிருந்து நிறுத்தி, அறைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். இன்று அரசு அதிகாரி வந்து, இந்த இனம் பூண்டோடு அழிந்தது என்று கையெழுத்துப் போடுகிறார். போட்டதும் மாலையில் மலையில் சங்கு ஊதி வெடி வைப்பார்கள்.

"வேலை போனாப் போகட்டும் மேடம். நான் மெஷினை நிறுத்தல. அது மட்டும் யாராவது கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, என் பொண்ணு முகத்துல முழிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பெரிய மனுஷன் போனிலேயே அழுதார்.

எங்களை வரவேற்க இயக்குநரே கூடத்துக்கு வந்தார். வயதானவர், வெள்ளைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி. சிவப்புவாயனை இளம் வயதில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவரே அவர்தான். அதன் அறிவியல் பெயரின் பாதி அவருடைய பெயர். பேசும்போது கண் கலங்கியது, கை நடுங்கியது. கூடத்தின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதில் பஞ்சு மெத்தை மேல் நத்தை ஓடுகள் வரிசை வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் எறும்பு அளவு எண். எல்லாம் என் கையால் எழுதியது என்று சொன்னபோது மட்டும் அவருடைய கை நடுங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே சாரம் கட்டி ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. இந்த ஓடுகளுக்கென்றே அருங்காட்சியகமாம், கம்பெனி கட்டிக் கொடுக்கிறதாம். பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குச் சத்திரம் கட்டிக் கொடுக்கிற மாதிரி இருக்கிறதே என்று எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது.

அப்போது கம்பெனியின் மேனேஜர் வந்தான். கட்டடத்துக்குள்ளும் மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றாத ஆள், அதனால் அவனுக்கு ஹெல்மெட் என்றே நான் பெயர் வைத்துவிட்டேன். துப்பறிய ஆள் வந்திருக்கிறது என்று கேட்டதும் சிரித்தான். நத்தைதானே, வேண்டுமானால் கம்பெனி செலவில் ஒரு சிலை வைத்துவிடலாம் என்றான். நான் ஓரடி முன்னால் போனேன். சித்தி என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

நத்தை அறையில் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் பெட்டிகள். எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். பிளீச்சிங் பவுடர் நெடி கண்ணைக் கரித்தது. நடு மேஜையில் ஒரு தட்டு நிறைய ஓடுகள். சுத்தமாக, வெறுமையாக இருந்தன. ஒவ்வொன்றின் சிவப்பு விளிம்பிலும் ஒரு பச்சைப் புள்ளி. வளர்ப்பு நத்தைகளை அடையாளம் தெரிவதற்காக நத்தைக்காரர் நெயில் பாலிஷால் வைத்த புள்ளி அது என்று இயக்குநர் விளக்கினார்.

சித்தி மூக்கை உறிஞ்சினாள். இத்தனை செத்திருக்கிறது, நாற்றம் இல்லை, ஓர் எறும்புகூட இல்லையே என்று கேட்டாள். அழுகிவிடக் கூடாது என்று நானே உட்கார்ந்து சுத்தம் செய்தேன் என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. சித்தி அவரிடம் பூதக்கண்ணாடியை வாங்கித் தட்டின் மேல் குனிந்தாள். நெடுநேரம் குனிந்தே இருந்தாள். பிறகு நன்றி சொல்லி வெளியே வந்துவிட்டாள். எனக்குத்தான் ஆறவில்லை. அந்த ஹெல்மெட் ஆள் வைத்து மெஷினை நிறுத்தியிருக்கிறான், நேரே போய் நாலு கேள்வி கேட்டால் கக்கிவிடுவான் என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தேன். அவள் பாதை ஓரத்தில் கிடந்த ஏதோ ஒரு தோட்டத்து நத்தையின் காலி ஓட்டைக் குனிந்து எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

எதிரே டீக்கடையில் நத்தைக்காரர் காத்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர், இரண்டு நாள் தாடி. குடிக்காத டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. யார் பச்சை நெயில் பாலிஷ் போடுவார்கள் என்று நான் கேட்டு வைத்தேன். அவருடைய மகள்தான் வாங்கினாளாம். ஒரே நாள் போட்டாளாம், அவள் அம்மா திட்டியதும் புட்டி அப்பாவுக்கு வந்துவிட்டதாம். சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார்.

"புள்ளியை எப்ப வைப்பீங்க?" என்றாள் சித்தி.

"குட்டிப் பெட்டியிலேர்ந்து பெரிய பெட்டிக்கு மாத்தும்போது. அப்ப மிளகு அளவுதான் இருக்கும்."

"எந்த இடத்துல?"

"வாய் ஓரத்துல. துளியூண்டு."

எனக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. தட்டிலும் புள்ளி வாய் ஓரத்தில்தானே இருந்தது, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது. வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று டீ கிளாஸை எடுத்தேன். சித்தி என் கையை வெடுக்கென்று பிடித்து இழுத்தாள். பாதி டீ என் பேண்ட்டில் கொட்டியது.

"டேய், இந்தக் கறுப்பு முதல்ல நகத்துல எங்க இருந்துச்சு?"

"அடியில. சதை ஓரமா."

"இப்ப நுனிக்கு வந்துடுச்சே. யாரு நகர்த்துனா?"

"யாரு நகர்த்துவாங்க? நகம் வளருதுல்ல சித்தி."

அவள் நத்தைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஓடு வாய்ப் பக்கமாகத்தான் வளரும் என்றார். குட்டியில் வைத்த புள்ளி வைத்த இடத்திலேயே நிற்கும், ஓடு அதைத் தாண்டிச் சுற்றிக்கொண்டே போகும். நத்தை பெரிதாகும்போது புள்ளி ஒரு சுற்றுக்கும் மேலே பின்னால் போய்விடும். அதோடு, அந்தச் சிவப்பு விளிம்பே முழுசாக வளர்ந்த பிறகுதான் வரும். புள்ளி வைக்கும் வயதில் சிவப்பு என்பதே இருக்காது.

"அங்க தட்டுல சிவப்பு மேலதான் புள்ளி இருக்கு" என்றாள் சித்தி.

"அப்ப அது என்னுதுங்க இல்ல." என்றார் அவர். "என்னைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியில நிக்க வச்சுதான் காட்டினாங்க. பச்சை தெரிஞ்சுது, அவ்வளவுதான் பார்த்தேன்."

எப்போதோ செத்த பழைய ஓடுகளுக்கு யாரோ புதிதாகப் பொட்டு வைத்திருக்கிறார்கள். அப்படியானால் நிஜமானவை எங்கே, நிஜமானவை செத்திருந்தால் அவற்றையே காட்டியிருக்கலாமே என்று நான் கேட்டேன். அதற்கும் நத்தைக்காரரிடம் பதில் இருந்தது. ஈரம் இல்லையென்றால் சிவப்புவாயன் உடனே சாகாது. ஓட்டுக்குள் சுருங்கி, வாயைக் காகிதம் போல ஒரு வெள்ளைத் தோலால் மூடிக்கொண்டு மழைக்காகக் காத்திருக்கும். மெஷினை நிறுத்தியவனுக்கு அவசரம், நத்தைக்கு அவசரம் இல்லை. அதிகாரி வரும் நாள் நெருங்கிவிட்டது, இவை வாயை மூடிக்கொண்டு கிடக்கின்றன. அதனால்தான் காலி ஓடு தேவைப்பட்டிருக்கிறது.

நான் எழுந்து சட்டைக் கையை மடித்தேன். ஹெல்மெட்டைக் கழற்றவைத்துவிட்டுத்தான் மறுவேலை என்றேன். சித்தி என்னைக் கண்டுகொள்ளாமல் தெருவைக் கடந்தாள். வாசல் காவலாளி நத்தைக்காரரை உள்ளே விடக் கூடாது என்று கையை நீட்டினார்.

"நத்தைக்காரர்தானே?" என்றேன். அவர் கையை மடக்கிக்கொண்டு வழி விட்டார்.

கூடத்தில் சித்தி சட்டென்று நின்றாள். கண்ணாடி அலமாரியில் எண் எங்கே எழுதியிருக்கிறது பார் என்றாள். பார்த்தேன். வாய் விளிம்பில். அடுத்ததைப் பார்த்தேன், அதுவும் விளிம்பில். கீழ்த்தட்டு, மேல்தட்டு, பெரியது, சின்னது, எல்லாவற்றிலும் அச்சு அசலாக அதே இடம். செத்த ஓடு வளராது. விளிம்பில் எழுதினால் விளிம்பிலேயே இருக்கும். வாழ்நாளெல்லாம் செத்த ஓட்டிலேயே எழுதிப் பழகிய கை அது. தட்டில் பச்சைப் பொட்டு வைத்ததும் அதே கைதான். அந்தக் கலங்கிய கண்ணுக்கு நான் பாவப்பட்டிருந்தேன், இப்போது அதுவே ஆத்திரமாகிவிட்டது.

இயக்குநர் அறையில் அதிகாரி அம்மா பேனாவைத் திறந்து வைத்திருந்தார். முன்னால் தட்டச்சு செய்த கடிதம், பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர், சுவரோரம் பூட்டிய பீரோ. ஹெல்மெட் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். நத்தைக்காரரைப் பார்த்ததும் இயக்குநரின் முகம் மாறியது. அவர் வாயைத் திறப்பதற்குள் சித்தி தோட்டத்து ஓட்டை அவர் கையில் வைத்தாள். இன்றைய நாளின் ஞாபகமாக உங்கள் கையால் ஓர் எண் எழுதித் தாருங்கள், நீங்கள் எழுதுவதே தனி அழகு என்றாள். தொலைந்த பெட்டியைத் தேடி வரும் கிழவர்களிடம் பேசிப் பேசி வந்த குரல் அது. மனிதர் குளிர்ந்துபோனார். சட்டைப்பையிலிருந்து மெல்லிய பேனாவை எடுத்தார். ஓட்டைத் திருப்பினார். யோசிக்கவே இல்லை, பேனா நேரே வாய் விளிம்புக்குப் போனது.

எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தபோது நாங்கள் எல்லோரும் அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தி அதிகாரியிடம் என் கட்டைவிரலைக் காட்டி ஆரம்பித்தாள். புள்ளியைச் சொன்னாள், சிவப்பு விளிம்பைச் சொன்னாள், அலமாரியைச் சொன்னாள். என் நகம் இவ்வளவு பேரால் மரியாதையாகப் பார்க்கப்படும் என்று நான் நினைத்ததே இல்லை. அதிகாரி பேனாவை மூடினார்.

"சார், தொலைஞ்ச சாமான் பிரிவுல ஒண்ணு பார்த்திருக்கேன்" என்றாள் சித்தி. "திருடினவன் மாட்டிக்கிற மாதிரி இருந்தா பொருளைத் தூக்கி எறிஞ்சிடுவான். ஆசைப்பட்டு எடுத்தவன் எறியமாட்டான். அந்த பீரோ சாவியைக் குடுங்க."

இயக்குநர் ஹெல்மெட்டைப் பார்த்தார். ஹெல்மெட் சுவரைப் பார்த்தான். பீரோவில், கோட்டுக்குப் பின்னால், ஒரு பிஸ்கெட் டின் இருந்தது. உள்ளே பஞ்சு விரித்து, அளவு வாரியாக, வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு வாயிலும் வெள்ளைத் தோல். பச்சைப் புள்ளிகள் ஓட்டின் உள்சுற்றில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

நத்தைக்காரர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதிகாரியின் தண்ணீர் கிளாஸை எடுத்து அந்தக் கடிதத்தின் மேல் கவிழ்த்தார். நனைந்த தாளில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பிறகு டின்னின் பஞ்சைக் கிளறினார். அடியில் தடவினார்.

"குட்டிங்க எங்க சார்?"

இயக்குநர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

"குட்டிப் பெட்டியில இருந்ததுங்க எங்க?"

"குட்டி ஓடு ரொம்ப மெல்லிசு" என்றார் இயக்குநர் தரையைப் பார்த்து. "சேகரிப்புக்கு ஆகாது. கழுவிட்டேன்."

நத்தை அறையில் அடித்த பிளீச்சிங் நெடி எனக்கு அப்போதுதான் புரிந்தது. மேஜையைச் சுற்றிக்கொண்டு போனேன். சித்தி கையைப் பாக்கெட்டில் வை என்று சொல்லவில்லை, காலரையும் பிடிக்கவில்லை. இயக்குநர் பேசிக்கொண்டே போனார். மலை இன்றில்லாவிட்டால் நாளை போகத்தான் போகிறது, திரும்ப விட்டால் ஒரு மழைக்குத் தாங்குமா தெரியாது, என் கூடத்தில் இருந்தால் நூறு வருஷம் கெடாமல் இருக்கும் என்றார். அவ்வளவையும் நியாயம் கேட்கிற குரலில் சொன்னார்.

"இருக்கப்போறது உங்க பேருதான்யா" என்றேன். "அதுக்கு உசுரோட இருக்கிறதைக் கொல்லணுமா?"

அடிக்கக் கை ஓங்கியிருந்தேன். அதிகாரி மெதுவாக, இங்கே பாருங்கள் என்றார்.

நனைந்த கடிதத்தின் நடுவில் ஒரு ஓட்டின் வெள்ளைத் தோல் கசங்கியது. ஓரம் விட்டது. உள்ளேயிருந்து நூல் மாதிரி ஒரு கொம்பு நீண்டு, காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய், மறுபடி வந்தது. பிறகு பக்கத்தில் ஒன்று. ஹெல்மெட் தொண்டையைச் செருமி, வெடி ஏற்பாடெல்லாம் ஆகிவிட்டதே என்று ஆரம்பித்தான். அதிகாரி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனை எடுத்து, மலையில் எவனும் சங்கைத் தொடக் கூடாது, தொட்டால் கைது என்றார். ஹெல்மெட் முதல் தடவையாக ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். தலை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

வெளிச்சம் ஜன்னலை விட்டுப் போகும் வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. நிறைய எழுந்தன. மலை ஒரு மழைக்காவது தப்பியது. ஆனால் எல்லாம் எழுந்திருக்கவில்லை. நத்தைக்காரர் சிலவற்றின் மேல் மறுபடி மறுபடி தண்ணீர் விட்டார், விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். கடைசியில் அவற்றை மட்டும் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. இயக்குநர் எழுந்தார். போகிறவர் நத்தைக்காரர் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

"அதுங்களையாவது குடுத்துடுப்பா" என்றார். "விளிம்பு உடையாம இருக்கு."

நத்தைக்காரர் கையை மூடிக்கொண்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"குட்டிக்கு ஓடு வளர சுண்ணாம்பு வேணும் சார். செத்ததோட ஓட்டைச் சுரண்டித் தின்னுதான் அதுங்க பெருசாகும். இது இனிமே பொறக்கப்போற குட்டிங்களோட சாப்பாடு."

அவர் கதவு வழியே கூடத்துக் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார்.

"அதுல இருக்கிறதும்தான். சாவியைக் குடுத்துட்டுப் போங்க."